மடிப்பாக்கத்துல 785 சதுர அடி ரீசேல் ஃபிளாட், 62 லட்சம் கேக்கறாங்க, வாங்கலாமா?

முதல்வீடு_தேடல்:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப நானே கேக்க வேண்டிய நிலைமை. மடிப்பாக்கத்துல ஐயப்பன் கோயில்ல இருந்து நடக்கிற தூரத்துல ஒரு ரீசேல் ஃபிளாட் பாத்திருக்கோம். 2016ல கட்டினது, ஸ்டில்ட் (தூண் மட்டும் இருக்கிற கீழ்த்தள பார்க்கிங்) மேல மூணு மாடி, மொத்தம் 12 வீடு, லிஃப்ட் இருக்கு. நாங்க பாத்தது மூணாவது மாடி, டூ பெட்ரூம், 785 சதுர அடி, யூடிஎஸ் (நிலத்துல நமக்கு வர்ற பிரிபடாத பாகம்) 340 சதுர அடி, ஒரு கார் பார்க்கிங். தெரு இருபது அடி இருக்கும். ஓனர் சிங்கப்பூர்ல இருக்கார், அவரோட தம்பி பவர் (அவர் சார்பா விக்கிற அதிகாரப் பத்திரம்) வாங்கி விக்கிறார். 62 லட்சம் சொல்றாங்க, பேசினா ஒண்ணு ரெண்டு குறையும் போல.

நாங்க நாலு பேர், நான், வீட்டுக்காரர், மாமியார், நாலு வயசுப் பொண்ணு. எனக்கு பெருங்குடியில ஆபீஸ், அவருக்கு கிண்டி எஸ்டேட். இப்ப புழுதிவாக்கத்துல 18,000 வாடகை. மாமியாருக்கு முட்டி வலி, அதனால லிஃப்ட் இருக்குன்னதும் மனசுக்குப் பிடிச்சுடுச்சு. வீடு சின்னதுதான் ஆனா வெளிச்சமா இருக்கு, கிழக்கால பால்கனி. புரோக்கர் இந்த ஞாயித்துக்கிழமை டோக்கன் குடுங்க இல்லன்னா வேற பார்ட்டி ரெடின்னு தினமும் போன் பண்றார். மழைக்கு அந்த ஏரியா எப்படி, இந்த விலை சரியா, என்னென்ன பாக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். இது எங்க ரெண்டு பேரோட பதினோரு வருஷ சேமிப்பு.

பழைய_மடிப்பாக்கம்:

அம்மா, நான் 1994ல இருந்து இங்கதான் இருக்கேன். மடிப்பாக்கம்னு பொதுவா கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது, தெருவுக்குத் தெரு மாறும். தண்ணி எங்கேர்ந்து வந்து எங்க போகுதுன்னு புரிஞ்சுக்கோங்க முதல்ல. கீழ்க்கட்டளை ஏரி ரொம்பினா நாராயணபுரம் ஏரிக்கு வரும், அதுவும் ரொம்பினா பள்ளிக்கரணை சதுப்புக்கு, வேளச்சேரி ஏரித் தண்ணியும் வீராங்கல் ஓடை வழியா அதே சதுப்புக்குத்தான் வரும். அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம்னு கடலுக்குப் போகணும். தென்சென்னையில இத்தனை ஊர்த் தண்ணிக்கும் அந்த மடுவுதான் முக்கியமான வாசல், அது திணறினா பின்னாடி இருக்கிற நம்ம தெருவுல தண்ணி அப்படியே நிக்கும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் எங்க தெருவுல போட் வந்துச்சு.

2016ல கட்டினதுன்னா 2015ஐ அந்தக் கட்டடம் பாக்கல, ஆனா 2023ஐப் பாத்திருக்கு. அதை அந்தக் கட்டடத்துகிட்டயே கேக்கலாம். ஸ்டில்ட்ல ஈபி மீட்டர் போர்டு எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. அதுக்குக் கீழ சுவத்துல பழைய ஸ்க்ரூ ஓட்டை, சிமெண்ட் வச்சு அடைச்ச தடம், அந்த எடத்துல மட்டும் பெயிண்ட் வேற மாதிரி இருந்தா, ஒரு தடவை மூழ்கி அப்புறம் மேல தூக்கி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். மோட்டார் ரூம் கதவோட அடிப்பக்கம் துரு எந்த அளவுக்கு ஏறியிருக்குன்னு பாருங்க. அப்புறம் கேட்டுக்கு வெளிய நின்னு ரோடு உயரமா, ஸ்டில்ட் தரை உயரமான்னு பாருங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டுப் போட்டு இங்க நிறைய கட்டடம் பள்ளத்துல உக்காந்துடுச்சு.

புரோக்கர்கிட்ட மழை பத்திக் கேக்காதீங்க. தெரு முனையில இஸ்திரி வண்டிக்காரர் இருந்தா அவர்கிட்ட கேளுங்க, அந்தத் தெருவுல வீட்டு வேலை செய்ற அம்மாங்ககிட்ட கேளுங்க. எந்தப் படி வரைக்கும் வந்துச்சுன்னு கையைக் காட்டிச் சொல்லிடுவாங்க.

ஐநூறடியில்_நாலுபேர்:

சிஸ்டர், நாங்களும் நாலு பேர், உள்ள அளந்தா 520 சதுர அடி, ஆறு வருஷமா இருக்கோம், நல்லாவே இருக்கோம். சின்ன வீடுன்னு பயப்பட வேண்டாம். ஆனா 785ங்கிறது சேலபிள் கணக்கு, படிக்கட்டு லிஃப்ட் லாபி எல்லாத்தையும் பங்கு போட்டு ஏத்தினது. ஒரு டேப் எடுத்துட்டுப் போய் ரூம் ரூமா நீங்களே அளங்க, சுவத்துக்கு சுவர், வெறும் தரை. அந்த நம்பரால 62 லட்சத்தை வகுத்துப் பாருங்க, அதுதான் நீங்க குடுக்கிற நிஜமான ரேட்.

சின்ன வீட்டுல சதுர அடியை விட முக்கியம் கதவு எந்தப் பக்கம் திறக்குது, ஜன்னல் எதைப் பாத்து இருக்கு. ஒரு பெட்ரூம் ஜன்னல் பக்கத்து பில்டிங் சுவத்தை மூணடியில பாத்துச்சுன்னா அது பகல்லயும் லைட் போடற ரூம், பொண்ணு வளந்து அங்க உக்காந்து படிக்க மாட்டா. வாஷிங் மெஷின் எங்க வைப்பீங்க, துணி எங்க காயும், ஃபிரிட்ஜ் கிச்சனுக்குள்ள போகுமா இல்ல ஹால்ல நிக்குமா, உங்க கட்டில், பீரோ அளவைப் பேப்பர்ல எழுதிக்கிட்டு போங்க. பெரியவங்க இருக்கிறதால பாத்ரூம் கதவு அகலம் பாருங்க, எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப வாக்கர் உள்ள போகல, ரெண்டு மாசம் ரொம்ப கஷ்டப்பட்டாங்க, இன்னிக்கும் அதை நெனச்சா எனக்கு மனசு கேக்காது.

பத்திரம்_படிக்கறவன்:

மேடம், டோக்கன் குடுக்காதீங்க இப்ப. ஓனர் வெளிநாடு, தம்பி பவர், ரெண்டுமே நிதானமா பாக்க வேண்டிய விஷயம்.

சிங்கப்பூர்ல எழுதின பவர்னா அங்க இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் ஆகி, இங்க வந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டியிருக்கணும். அந்தப் பவர்ல விக்கிறதுக்கு, பணம் வாங்குறதுக்கு, ரெண்டுக்கும் அதிகாரம் இருக்கான்னு வரி வரியா படிங்க. நேரா அண்ணன்கிட்ட ஒரு வீடியோ கால் பேசிடுங்க, பணமும் அண்ணனோட அக்கவுண்ட்டுக்குத்தான் போகணும், தம்பி அக்கவுண்ட்டுக்கு இல்ல. இன்னொண்ணு, இங்க இருக்கிறவர் வித்தா 50 லட்சம் தாண்டினா வாங்குறவங்க விலையில 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விக்கிறவரோட வருமான வரிக்காகப் பிடிச்சுக் கட்டணும். என்ஆர்ஐ வித்தா அந்த 1 சதவீதக் கணக்கே கிடையாது, அதைவிட ரொம்ப அதிகமா பிடிக்கணும், பிடிக்காம விட்டா பொறுப்பு உங்க தலைல. ஆடிட்டரைப் பாக்காம கை வைக்காதீங்க.

வில்லங்கம் பதிவுத்துறை சைட்லயே இலவசமா பாத்துடலாம். அதுல எம்ஓடி, அதாவது பேங்க்ல பத்திரம் அடமானம் வச்ச பதிவு இருந்தா, அது தீர்ந்த ரசீதும் பதிவாகியிருக்கணும், ரசீது இல்லன்னா லோன் இன்னும் ஓடுதுன்னு எடுத்துக்கோங்க. தாய்ப்பத்திரத்துல இருந்து சங்கிலி விட்டுப் போகாம வருதா, சர்வே நம்பருக்கு வருவாய்த்துறையோட ‘அ’ பதிவேட்டுல நீர்நிலை, புறம்போக்குன்னு ஏதாவது வருதான்னு வக்கீல் பாக்கணும். விக்கிறவர் சொல்ற வக்கீல் வேண்டாம், உங்க வக்கீல்.

கைல எவ்ளோ வேணும்னு கணக்கு போட்டீங்களா? 30ல இருந்து 75 லட்சம் வரை லோனுக்கு பேங்க் 80 சதவீதம்தான் தரும். 62க்கு 49.6 லட்சம். மிச்சம் 12.4 லட்சம். பத்திரச் செலவு லோன்ல வராது. புது ஃபிளாட் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரை 7 சதவீதம்னு சலுகை உண்டு, ஆனா ரீசேலுக்கு 7 முத்திரை 2 பதிவு, மொத்தம் 9 சதவீதம். அது 5.58 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம்னாலும் 62,000. ஆக 18.6 லட்சம், இதுல ஒரு ஃபேன் கூட மாத்தல இன்னும். லோன் 8 சதவீத வட்டின்னு வச்சா 20 வருஷத்துக்கு மாசம் சுமார் 41,500. கொஞ்சம் கேஷா குடுங்கன்னு கேட்டா ஒத்துக்காதீங்க, சொத்து விஷயத்துல 20,000க்கு மேல ரொக்கமா அட்வான்ஸ் வாங்குறதே வருமான வரிச் சட்டப்படி தப்பு.

ரேடியல்ரோடு_தினமும்:

ஏரியா பத்தி நான் சொல்றேன், நான் கீழ்க்கட்டளை டு பெருங்குடி டெய்லி வண்டியில போறேன். கைவேலி வழியா போனா காலைல எட்டரைக்கு முன்னாடி கிளம்பணும், ஒன்பது ஆனா சாலையில நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. ஒரு வார நாள்ல உங்க ஆபீஸ் டைமுக்கு அந்த வீட்டு வாசல்ல இருந்து நீங்களே ஓட்டிப் பாருங்க, ஞாயித்துக்கிழமை புரோக்கர் கூட்டிட்டுப் போறப்ப எல்லா ஊரும் பத்து நிமிஷம்தான். மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல மாதவரம் சோழிங்கநல்லூர் லைன் ஆலந்தூர், பரங்கிமலை, ஆதம்பாக்கம், புழுதிவாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைன்னு மேடவாக்கம் மெயின் ரோடு மேலயே வருது, உங்க வீட்டுக்காரர் கிண்டி போக அது நிச்சயம் உதவும். ஆனா வரப்போற மெட்ரோவைக் காட்டி இன்னிக்கே விலை ஏத்திச் சொல்வாங்க, அதுக்குத் தனியா பணம் குடுக்காதீங்க.

ராத்திரி ஒரு தடவை போய் நில்லுங்க. காத்து கிழக்கால இருந்து அடிக்கிற நாள்ல பெருங்குடி குப்பைமேட்டு வாடை எதுவரைக்கும் வருதுன்னு மூக்குக்குத்தான் தெரியும். 2022 ஏப்ரல்ல அது பத்திக்கிட்டு நாள் கணக்கா புகைஞ்சப்ப பள்ளிக்கரணையில எங்க அக்கா குழந்தையைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா. இப்ப குப்பையைப் பிரிச்செடுத்து இடத்தை மீட்கிற வேலை நடக்குது, இருந்தாலும் போய் நின்னு பாருங்க.

அப்புறம் தண்ணி. மே மாசம் எத்தனை லாரி வாங்கினாங்கன்னு அசோசியேஷன் செலவு நோட்டுல எழுதியிருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்க. 2019 மாதிரி ஒரு கோடை வந்தா 12 வீட்டுக்கு ஒரு போர்வெல் பத்தாது.

முதல்வீடு_தேடல்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து நானும் அவரும் டேப் எடுத்துட்டுப் போனோம், புரோக்கர் இல்லாம வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு. ஹால் 14க்கு 10, ஒரு பெட்ரூம் 11க்கு 10, இன்னொண்ணு 10க்கு 9, கிச்சன் 8க்கு 7, ரெண்டு பாத்ரூமும் 7க்கு 4, நடைபாதை எல்லாம் சேத்து பால்கனி இல்லாம 490 வருது. 62 லட்சத்தை 490ஆல வகுத்தா சதுர அடி 12,650. நான் இவ்ளோ நாளா 7,900ன்னு நெனச்சுட்டு இருந்தேன், பாத்ததும் வயித்துல ஏதோ பண்ணுச்சு.

மீட்டர் போர்டு நீங்க சொன்ன மாதிரியே, என் தலைக்கு மேல இருக்கு, கீழ இடுப்பு உயரத்துல நாலு ஓட்டை அடைச்ச தடம். இஸ்திரி அண்ணா ஸ்டில்ட் தூண்ல கையை வச்சுக் காட்டினார், முட்டிக்கு மேல, மூணு நாள் கரண்ட் இல்ல, சம்ப்ல, அதான் தரைக்கடி தண்ணித் தொட்டியில, சாக்கடைத் தண்ணி கலந்து அதைச் சுத்தம் பண்ண ஒரு வாரம் ஆச்சாம். லிஃப்ட் ரெண்டு மாசம் ஓடலையாம். மாமியார் மூணாவது மாடியில ரெண்டு மாசம் லிஃப்ட் இல்லாம, நெனச்சுப் பாக்கவே முடியல.

ஆனா மூணாவது மாடின்னா வீட்டுக்குள்ள தண்ணி வராதே, வருஷத்துல ஒரு வாரம் சமாளிச்சா போதும்னு அவர் சொல்றார். அதுவும் நியாயமாத்தான் படுது.

சைட்_இன்ஜினியர்:

மேடம், நீங்க குடுத்த நம்பர்லயே வேற ஒரு விஷயம் இடிக்குது, அதைச் சொல்லியே ஆகணும். யூடிஎஸ் 340, வீடு 12, எல்லாம் ஒரே அளவுன்னா மொத்த நிலம் 4,080 சதுர அடி, அதாவது ஒண்ணே முக்கால் கிரவுண்டுக்கு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) கொஞ்சம் கம்மி. 2016ல சாதாரண குடியிருப்புக்கு எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்தைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, 1.5தான், 2019 விதிகள்லதான் அது 2 ஆச்சு. அப்ப அந்த நிலத்துல கட்ட முடிஞ்சது 6,120 சதுர அடி. உங்க வீடு உள்ளளவு 490, சுவர் பால்கனி சேத்து 600ன்னு வைங்க, 12 வீட்டுக்கு 7,200, படிக்கட்டு லாபியை நான் இன்னும் சேக்கவே இல்ல. பணம் கட்டிக் கூடுதலா கட்ட அனுமதி வாங்குற பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கியிருப்பாங்கன்னு சொல்லலாம், அதுக்கு ரோடு அகலம் வேணும், உங்க தெரு இருபது அடி.

கணக்கு உதைக்குதுன்னா அனுமதி வாங்கினது ரெண்டு மாடி எட்டு வீட்டுக்கு, மூணாவது மாடி பிளான்ல இல்லாம ஏத்தினதா இருக்கலாம். நான் முடிவா சொல்லல, அப்ரூவ்டு பிளானைப் பாத்தாத்தான் தெரியும். நீங்க வாங்கப் போறது மூணாவது மாடி. தயவுசெஞ்சு அந்த பிளானையும், பிளான்படி கட்டி முடிச்சதுக்குத் தர்ற கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டையும் கண்ணால பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க.

வேளச்சேரி_ரெண்டாம்தெரு:

இன்ஜினியர் சார் சொல்றது சரிதான், ஆனா சென்னையில விதிமீறல் இல்லாத சின்ன பில்டிங் எத்தனை இருக்கு? எங்கதும் அப்படித்தான், பேங்க் லோன் குடுத்துச்சு, பத்து வருஷமா ஒண்ணும் ஆகல. ரொம்ப பயந்தா நம்ம மாதிரி ஆளுங்க வீடே வாங்க முடியாது.

சைட்_இன்ஜினியர்:

சார், பக்கத்துல ரெண்டடி விடலைங்கிறது வேற, ஒரு முழு மாடியே பிளான்ல இல்லைங்கிறது வேற. பழைய கட்டடத்தை வரன்முறைப்படுத்துற, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தோட 113சி பிரிவு 2007 ஜூலை 1க்கு முன்னாடி கட்டினதுக்குத்தான், 2016ல கட்டினதுக்கு அந்த வழி கிடையாது. ஒரு பேங்க் லோன் குடுத்ததாலேயே அது சட்டப்படி சரின்னு ஆகாது, நீங்க விக்கப் போறப்ப வேற பேங்க் இன்ஜினியர் வந்து முடியாதுன்னு சொல்லிட்டா வாங்க ஆள் கிடைக்காது. அஸ்திவாரமும் தூணும் எத்தனை மாடிக்குன்னு டிசைன் பண்ணாங்கங்கிறது இன்னொரு கவலை. நான் சைட்ல நிக்கிறவன், அந்த ஒரு விஷயத்துல என்னால சமாதானம் ஆக முடியாது.

யூடிஎஸ்ஸும் இதோட சேத்துப் பாருங்க. கட்டடம் வயசாகும், நிலம்தான் நிக்கும். 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024ல அமலுக்கு வந்ததுக்கு அப்புறம் மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா இடிச்சுக் கட்டலாம், அன்னிக்கு உங்க கைல இருக்கிற பேரம் அந்தப் பிரிபடாத பாகம்தான். எட்டு பேருக்குப் போக வேண்டிய நிலத்தை 12ஆ வெட்டியிருந்தா எட்டு பேரும் ஏமாந்திருக்காங்க, மேல இருக்கிற நாலு பேரும் ஏமாந்திருக்காங்க.

ஐநூறடியில்_நாலுபேர்:

வேளச்சேரி அண்ணா சொல்ற பயம் எனக்கும் இருந்துச்சு, இப்படியே தள்ளிப் போட்டா விலை ஏறிடும்னு. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள டோக்கன் குடுங்கன்னு யார் அவசரப்படுத்தினாலும் அங்க கொஞ்சம் நின்னுடறது நல்லது. நாங்க ஒரு வீட்டை அப்படி விட்டோம், வருத்தமாதான் இருந்துச்சு, அடுத்த நாலு மாசத்துல இப்ப இருக்கிறது கிடைச்சுது.

முதல்வீடு_தேடல்:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. தம்பிகிட்ட அப்ரூவ்டு பிளான் கேட்டோம், முதல்ல ஊர்ல இருக்குன்னார், அப்புறம் ஒரு ஜெராக்ஸ் வந்துச்சு. ஸ்டில்ட், முதல் மாடி, ரெண்டாவது மாடி, மாடிக்கு நாலு வீடு, அவ்ளோதான். மூணாவது மாடிக்கு டிராயிங்கே இல்ல, எங்க வக்கீல் அதைப் பாத்துட்டு பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டார், வேற எதையும் அவர் படிக்கக்கூட இல்ல. கம்ப்ளீஷன் சர்டிபிகேட் கேட்டதுக்கு இன்னி வரைக்கும் பதில் இல்ல. விட்டுட்டோம். பொண்ணு அந்த பால்கனியில நின்னு ரயில் தெரியுதான்னு கேட்டது மட்டும் ஞாபகம் வந்துட்டே இருக்கு.

இப்ப புழுதிவாக்கத்துலயே, நாங்க வாடகைக்கு இருக்கிற இடத்துல இருந்து மூணு தெரு தள்ளி ஒண்ணு பாத்திருக்கோம். ஆறு வீடு, கிரவுண்டும் முதல் மாடியும்தான், முதல் மாடியில டூ பெட்ரூம். லிஃப்ட் இல்ல. டேப் வச்சு அளந்தது 465, யூடிஎஸ் 510. 58 லட்சம் கேக்கறாங்க. 2009ல கட்டினது, பிளான்ல ஆறு வீடுதான் இருக்கு, ஒரிஜினலையே எடுத்துக் காட்டினாங்க. மாமியாரைக் கூட்டிட்டுப் போனோம், 19 படி, கைப்பிடியைப் பிடிச்சுட்டு ரெண்டு தடவை ஏறி இறங்கிப் பாத்தாங்க, ரெண்டாவது தடவை பாதியில நின்னு மூச்சு வாங்கிட்டு, தினமும் ஒரு தடவைன்னா முடியும்மான்னு சொன்னாங்க.

நேத்து ராத்திரி நல்ல மழை பேஞ்சுதுல்ல, பத்தரை மணிக்கு ரெண்டு பேரும் குடையோட போய் அந்தத் தெருவுல முக்கால் மணி நேரம் நின்னோம். கட்டடத்து வாசல்ல தண்ணி நிக்கல, ரோட்டை விட தரை ஒரு படி உயரம். ஆனா தெரு முனையில அரசமரம் இருக்கிற திருப்பத்துல கணுக்கால் அளவுக்கு நின்னுச்சு. பழைய மடிப்பாக்கம் சார், அந்த முனை உங்களுக்குத் தெரியுமா, 2023ல அங்க எப்படி இருந்துச்சு?

ரேடியல்ரோடு_தினமும்:

லிஃப்ட் இல்லாததுல ஒரு நல்லதும் இருக்கு சிஸ்டர், மாச மெயின்டனன்ஸ் கம்மியா வரும். பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்கு மேல போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு 2023 அக்டோபர்ல காமன் கரண்ட் ரேட்டைக் குறைச்சாங்க, மோட்டார், வராண்டா லைட் எல்லாம் அந்த ரேட்டுல ஓடும். அந்த இணைப்பு குறைஞ்ச ரேட்டுக்கு மாறியிருக்கான்னு ஈபி பில்லைக் கேட்டுப் பாருங்க.

பழைய_மடிப்பாக்கம்:

தெரியும்மா. அரசமரத் திருப்பம், அந்தப் பக்கம் மளிகைக்கடை. 2023ல அங்க முட்டி வரைக்கும் வந்துச்சு, ஆனா மறுநாள் சாயங்காலமே வடிஞ்சுடுச்சு, உள்ள தெருவுக்குள்ள ஏறல. அந்தத் திருப்பத்துல வடிகால் மூடி ஒண்ணு எப்பவும் இலையும் பிளாஸ்டிக்கும் அடைச்சுக்கிட்டு கெடக்கும், மழை சீசன்ல தெருக்காரங்களே கம்பியால எடுத்துவிடுவாங்க. சனிக்கிழமை காலைல வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, 2015லயும் 2023லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு நடந்து காட்டறேன். அந்தக் கட்டடத்து கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கிறவர் எனக்குப் பழக்கம், அவர்கிட்ட சம்ப் மூடியைத் திறந்து காட்டச் சொல்றேன்.